பூஜை போட்ட கேமரா

அந்தக் கேமராவை ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கினேன். தொண்ணூற்று இரண்டில். தரையில் சாக்கு விரித்து, பழைய மிக்சி, டெலிபோன், வால்வு ரேடியோ எல்லாம் பரப்பி வைத்திருந்தார் ஒருவர். அதற்கு நடுவில் கிடந்தது. ரஷ்யாவில் செய்தது என்றார். தூக்கினேன். செங்கல் கனம். கண்ணை வைத்துப் பார்த்தேன். எதிரே கரும்பு ஜூஸ் வண்டி. வண்டிக்காரர் நெற்றியில் இருந்த வேர்வை வரைக்கும் தெரிந்தது. வாங்கிவிட்டேன்.

எதற்கு வாங்கினாய் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. அப்பா முன்பே போய்விட்டார். அம்மா நான் கேமரா வாங்கியதற்கு முந்தின வருஷம். தங்கையைக் கட்டிக்கொடுத்து அவள் ஊரின் மறுகோடியில் ஸ்ரீராம்புரம் போய்விட்டாள். நீலசந்திராவில் ஒரு அறை, ஒரு ஸ்டவ், நான். ஹெப்பகோடி பக்கம் ஸ்பிரிங் செய்யும் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போவேன், கம்பெனி பஸ்ஸில் வருவேன். ஞாயிற்றுக்கிழமை பேசாமலே போய்விடும். சில ஞாயிறு சாயங்காலம் டீக்கடையில் ‘ஒரு டீ’ என்று சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருக்கும்.

முதல் ரோலை லாரி, சுவர், ஆலமரம் என்று எடுத்து முடித்தேன். கழுவிக் கொடுத்த கடைக்காரர் படங்களை மேஜைமேல் பரப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னா சார், பட்டப்பகல்ல நட்சத்திரம் எடுத்திருக்கீங்க?”

எல்லாப் படத்திலும் வெள்ளைப் புள்ளி. ஒரே இடத்தில். வீட்டுக்கு வந்து லென்ஸைக் கழற்றினேன். பின்கதவைத் திறந்து வெயிலுக்கு எதிரே பிடித்தேன். உள்ளே ஷட்டர் என்பது கறுப்புத் துணித் திரை. அதில் ஊசி குத்தியது போல ஏழெட்டு ஓட்டை. முன்னால் வைத்திருந்தவர் வெயிலில் போட்டு வைத்திருப்பார். லென்ஸ் வழியாகச் சூரியன் இறங்கித் துணியைச் சுட்டிருக்கிறது.

சைக்கிள் கடைக்குப் போய்ப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் கேட்டேன். எந்த வண்டி என்றார். கேமரா என்றேன்.

“கேமராவுக்குப் பஞ்சரா? காத்து அடிக்கணும்னா சொல்லு.”

சிம்னி விளக்கின் கரியைச் சுரண்டி சொல்யூஷனில் குழைத்தேன். தீக்குச்சி முனையால் ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்தேன். ரொம்ப வைத்தால் துணி விறைத்துக்கொள்ளும், திரை ஓடாது. குறைத்து வைத்தால் வெளிச்சம் கசியும். நாலு தடவை வைத்து நாலு தடவை சுரண்டினேன். அடுத்த ரோலில் நட்சத்திரம் இல்லை. கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் ஸ்பிரிங் சுற்றியும் வராத சந்தோஷம் அன்று வந்தது. சொல்ல ஆள் இல்லாததால் அந்தச் சைக்கிள் கடைக்காரரிடமே காட்டினேன். “பரவால்லையே” என்றார்.

ஆட்களை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் நில்லுங்கள் என்று ஒருவரிடம் எப்படிக் கேட்பது? குழாயடியில் வரிசை வைத்த பிளாஸ்டிக் குடங்களை எடுத்தேன். பெண்கள் அந்தப் பக்கம் நின்றால் குடம் மட்டும் விழும்படி எடுத்தேன். காயும் துணி, தூங்கும் நாய், ஹோசூர் ரோட்டில் டயர் மாற்றும் லாரி. படங்களைப் பார்த்தால் ஊரைவிட்டு எல்லோரும் போய்விட்டது போல இருக்கும்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் தெரு முனையில் ஆட்டோ ஸ்டாண்டு. அங்கே ஒருவர் என் கழுத்தில் கேமராவைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தார். அவராகவே கூப்பிட்டார்.

“அண்ணா, நாளான்னிக்கு காலைல வண்டிங்களெல்லாம் வாழைக்கன்னு கட்டி நிக்கும். எங்களை எல்லாரையும் நிக்க வச்சு ஒண்ணு எடுத்துக் குடு. பெரிசா பண்ணி ஸ்டாண்டுல மாட்டணும்.”

பதினாலு ஆட்கள். பதினாலு முகம். சரி என்றேன். எந்த வெளிச்சத்தில் நிற்க வைப்பது, யார் முன்னால் உட்காருவது என்று இரண்டு நாள் அதே நினைப்பு.

பூஜையன்று கம்பெனியில் மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நானும் கேமராவைத் துடைத்தேன். துண்டு விரித்து, அதன்மேல் கேமரா, ஸ்க்ரூ டிரைவர், பிரஷ் எல்லாம் வைத்தேன். மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம். சாமி கும்பிட்டுப் பொரி தின்றேன். பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் காலையில் நல்ல காரியத்துக்கு எடுக்க வேண்டும். எனக்கு நல்ல காரியம் தயாராக இருந்தது. பதினாலு ஆட்கள்.

மூன்று மணி இருக்கும். தெருவில் அழுகைச் சத்தம் கேட்டது. முனையில் இட்லி சுடும் அம்மா இறந்துபோனார். நான் தினம் காலையில் அவரிடம்தான் சாப்பிடுவேன். பேச மாட்டார். இட்லி தீர்ந்துவிட்டால் நாளைக்கு சீக்கிரம் வா என்பார். அவ்வளவுதான் பழக்கம்.

கொஞ்ச நேரத்தில் அவர் மகன் என் கதவைத் தட்டினார்.

“அண்ணா, அம்மாவோட படம் ஒண்ணுகூட இல்ல. ஸ்டூடியோக்காரர்கிட்ட போனேன். பூஜை போட்டுட்டேன், கேமராவைத் தொட மாட்டேன், நாளைக்கு முதல்ல சாமி படம் எடுத்துட்டுதான் மத்ததுன்னுட்டார். நாளைக்கு வரைக்கும் எங்க வைக்கிறது? நீங்க வாங்கண்ணா.”

எங்கள் ஆட்களில் இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, குடும்பம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். பல பேருக்கு ஆயுளில் அதுதான் முதல் படம். நான் யோசிக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் யோசித்ததை நானும் யோசித்திருக்க வேண்டும். கேமராவைத் துண்டின்மேலிருந்து எடுத்தேன். குங்குமத்தைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே போனேன்.

வீட்டின் முன்னால் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதன் அடியில் வெளிச்சம் கம்மி. என்னிடம் ஃபிளாஷ் கிடையாது. ஷட்டரை மெதுவான வேகத்தில் வைத்தால்தான் படம் விழும். மெதுவாக வைத்தால் யாரும் அசையக் கூடாது. “அசையாம நில்லுங்க” என்றேன். அழுகிறவர்களிடம் அதைச் சொல்லலாமா? தேம்பினார்கள், மூக்கைத் துடைத்தார்கள், ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்தார்கள். மூன்று படம் எடுத்தேன்.

மறுநாள் காலையில் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். வண்டிகள் வாழைக்கன்று கட்டி நின்றன. ஆட்களும் நின்றார்கள். கூப்பிட்டவர் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“அண்ணா, தப்பா நினைக்காத. பூஜை போட்டு முதல் காரியம் எங்க தொறந்தே?”

சொன்னேன். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

“பொழப்பு வண்டி பாரு. டெய்லி ரோட்டுல ஓடுறது. ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்குறான்.”

“சரி” என்றேன்.

“வருத்தப்படாதண்ணா. பொரி எடுத்துக்கோ.”

பொரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

படம் கழுவி வந்த பிறகு நிலைமை இன்னும் கெட்டுப்போயிற்று. நாற்காலியில் இருந்த அம்மா ஒருவர்தான் அசையவில்லை. அவர் முகம் அவ்வளவு தெளிவு. சேலைக்கரை, மூக்குத்தி, கன்னத்து மரு எல்லாம் தெரிந்தன. சுற்றி நின்ற உயிருள்ளவர்கள் எல்லாம் கலங்கிப் புகையாக இருந்தார்கள். முகம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு இழுவை. மகன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“அம்மா நல்லா வந்திருக்காங்கண்ணா.”

பின்னால் நின்ற மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, “அவங்க உயிரோட இருக்காங்க, நாமதான் செத்துட்ட மாதிரி இருக்கோம்” என்றாள்.

மெதுவான ஷட்டர், அசைந்தால் அப்படித்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார்கள். அடுத்த மாதம் அந்தம்மாவின் தம்பி படியில் விழுந்து கால் முறிந்தது. படத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர் கால்தான் ரொம்பக் கலங்கியிருந்ததாம். ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்து அவர் நன்றாகத்தான் நடந்தார். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில், பக்கத்துத் தெருவில், சாவு விழுந்தால் என்னைக் கூப்பிட்டார்கள். பூஜை போட்ட முதல் காரியமே சாவு வீட்டில் ஆயிற்று, இனி அந்தக் கேமரா அதற்குத்தான் என்று எல்லோருக்கும் முடிவாகிவிட்டது. நான் முடியாது என்று சொல்லவில்லை. கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான். ஷிப்டு முடிந்து வந்தால் கதவில் யாராவது நிற்பார்கள். “அண்ணா, எங்க பெரியப்பா” என்பார்கள். சாப்பிடாமல்கூடப் போயிருக்கிறேன்.

வேலை கற்றுக்கொண்டேன். நாற்காலியைத் தார்ப்பாய்க்கு வெளியே வைக்கச் சொல்வேன். தலை சாயாமல் இருக்கப் பின்னால் துணி கட்டச் சொல்வேன். வெளிச்சம் இருந்ததால் ஷட்டரை வேகமாக வைத்தேன். யாரும் கலங்கவில்லை. ஆனாலும் முதல் படத்தைத்தான் எல்லோரும் பேசினார்கள். நீலசந்திராவில் எத்தனையோ வீட்டுச் சுவரில் நான் எடுத்த முகம் மாலையோடு தொங்கியது. அந்த வீடுகளில் உயிரோடு இருந்தவர்கள் தெருவில் என்னைக் கண்டால் கேமரா கழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் குடங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் இடுப்புக் குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்தி மறைத்துக்கொண்டாள். கோபமாக இல்லை. மழைக்கு மறைப்பது போல.

அதற்குப் பிறகு குழாயடிக்குப் போகவில்லை.

தொண்ணூற்று ஆறில் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணம் ஆகி ஐந்து வருஷம் கழித்து. மாதத்தில் ஒரு ஞாயிறு ஸ்ரீராம்புரம் போய் வருவேன். அவள் வீட்டில் அவள், புருஷன், மாமனார். மாமனார் மில்லில் வேலை செய்து நின்றவர். நல்ல வாய். நான் போனால் “வாய்யா, கேமரா கொண்டாந்தியா? எனக்கு இப்பவே எடுத்துடு. கண்ணு தொறந்திருக்கும்போதே ஒண்ணு இருக்கட்டும்” என்பார். தங்கை “சும்மா இருங்க மாமா” என்று அதட்டுவாள். அவள் அதட்ட வேண்டும் என்பதற்காகவே அவர் சொல்வார்.

குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருவன்தான். தங்கை டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அண்ணா, நீ சீக்கிரமே வந்துரு. வேட்டி கட்டிக்கினு வா.”

“வரேன்.”

“அது வோணாம்.”

“எது?”

அவள் ஆணியில் நான் மாட்டியிருந்த பையைப் பார்த்தாள். கேமரா அதில்தான் இருந்தது.

“எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அஞ்சு வருஷம் கழிச்சுப் பொறந்தது. உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“ஸ்டூடியோக்காரரைச் சொல்லியிருக்கோம். நீ மடியில வச்சுக்கினு உக்காந்தாப் போதும்.”

அதுவரை அந்தக் குழந்தையை நான் ஒரு படம்கூட எடுத்ததில்லை. யாரும் எடுக்காதே என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் இப்படி ஒரு பதில் வரும் என்று தெரிந்து கேட்காமல் இருந்தேன். இப்போது பதில் வந்துவிட்டது. ஆனால் எனக்கு எடுக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் சாவு வீட்டுக்கு வெளியே எடுத்த உயிருள்ள முகம் ஒன்று என் ரோலில் இல்லை. என் ரத்தத்தில் ஒரே ஒரு குழந்தை. அதுவாவது வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது ஒரு யோசனை வந்தது. கேமராவில் தீட்டு எதில் ஒட்டியிருக்கிறது? செத்தவரைப் பார்த்தது எது? லென்ஸ். வெளிச்சத்தை விட்டது எது? திரை. எனக்குக் காட்டியது உள்ளே இருக்கிற கண்ணாடி. இதையெல்லாம் மாற்றிவிட்டால் பார்த்தது எதுவும் கேமராவில் இருக்காது. ஸ்பிரிங் கம்பெனியில் மெஷினை இப்படித்தான் நினைப்போம். தேய்ந்ததை மாற்றினால் மெஷின் புதிது.

சிவாஜிநகரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கேமரா ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். கண்ணில் நகைக்கடைக்காரர் வைக்கிற பூதக்கண்ணாடி. மேஜை முழுக்கச் செத்த கேமராக்கள். என்னுடையதை வாங்கி இரண்டு தடவை ஷட்டரை அமுக்கிக் காதில் வைத்துக் கேட்டார்.

“நல்லாத்தான் ஓடுது. இன்னா பிராப்ளம்?”

“திரையை மாத்தணும். கண்ணாடியை மாத்தணும். லென்ஸும்.”

“லென்ஸுக்கு இன்னா? பூஞ்சைகூட இல்ல.”

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். வேறு யாரிடமும் அவ்வளவு நேரம் பேசியதாக நினைவில்லை. அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

“எங்காளுங்க மையத்துல, சாவு வீட்டுல, போட்டோவே எடுக்கறதில்ல. நீங்க எடுத்துட்டு பயப்படுறீங்கோ.” கேமராவைத் திருப்பிப் பார்த்தார். “வேற கேமரா வாங்கிக்கயேன் பாவா.”

“இதுதான் பழக்கம்.”

அது உண்மை. குளிர்கால விடியலில் இதன் திரை மந்தமாக ஓடும், படத்தில் ஒரு பக்கம் இருட்டாக விழும். சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்தால் சரியாகிவிடும். இப்படி அதற்கும் எனக்கும் பல ஏற்பாடு இருந்தது. வேறு ஒன்றோடு மறுபடி ஆரம்பிக்க முடியாது.

நான்கு ஞாயிறு போனேன். அதே ஜாதியில் செத்த கேமரா ஒன்றிலிருந்து திரை எடுத்தார். உருளையில் ஒட்டும்போது ஒரு மயிரிழை கோணினாலும் படம் கோணும். அவர் ஒட்டினார், நான் ஸ்பிரிங் இழுப்பை வைத்தேன். அது என் தொழில். “கைல சுத்தம் இருக்கு” என்றார். கண்ணாடி மாறியது. லென்ஸ் வேறு ஒன்று வந்தது, கொஞ்சம் மஞ்சள் ஓடியது. தோல் உரிந்த இடத்தில் புதுத் தோல் ஒட்டினேன். கடைசி ஞாயிறு பாய் கேமராவை என் கையில் கொடுத்தார்.

“பார், பழசுன்னு இதுல இன்னா இருக்கு? டப்பா மட்டும். டப்பாவுக்குக் கண்ணு இல்ல. உன் சிஸ்டர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.”

ஸ்ரீராம்புரத்துக்கு நேராகப் போனேன். கழற்றிய பழைய திரையையும் கண்ணாடியையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். தங்கை முன்னால் விரித்தேன். பார்த்தது இதுதான், இது இனி கேமராவில் இல்லை என்றேன். அவள் கறுப்புத் துணியைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள். என் கரிப்பசைப் பொட்டுகள் அதில் இருந்தன.

“எல்லாத்தையும் மாத்திட்டியா?”

“எல்லாம்.”

“அமுக்குற கை?”

மாமனார் கட்டிலில் இருந்து, “அது வாஸ்தவம்மா. கைக்கு ஸ்பேர் கிடைக்காது” என்றார்.

“மாமா, சும்மா இருங்க.”

“இந்தக் கையிலதான் குழந்தையைப் பிடிக்கப் போறேன்” என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. “அது வேறண்ணா” என்றாள். காகிதத்தை மடித்துப் பையில் போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாப்பிட்டேன்.

காது குத்துக்கு வெறுங்கையோடு போனேன். கழுத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தது ஒரு மாதிரி இருந்தது. கோயிலில் மணை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் வைத்தார்கள். “மாமா, தலையைக் கெட்டியாப் பிடிங்க, அசையக் கூடாது” என்றார் ஆசாரி. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தலையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. சந்தனம் வழுக்கியது. முதல் காதுக்கு அழுதாள். இரண்டாவது காதுக்கு என் கட்டைவிரலைக் கடித்தாள். பல் இரண்டு இருந்தது.

ஸ்டூடியோக்காரர் ஜன்னலுக்கு எதிரே நின்று எடுத்தார். அந்தப் பக்கம் நின்றால் முகம் கறுத்துவிடும். சொல்லவில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. தை மாதம். விடியலில் தங்கை புருஷன் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தார். என்னை எழுப்பிக் கூப்பிட்டார்கள்.

“மச்சான், அப்பா போயிட்டாரு.” பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. “கேமரா எடுத்துக்கினு வாங்க.”

குளிர். சட்டைக்குள் கேமராவை வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். நெஞ்சில் சில்லென்று இருந்து, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் சூடாகிவிட்டது.

அவரை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வாய் கட்டியிருந்தது. அவருக்கு அதுதான் பொருந்தவில்லை. வெயில் சரியான பக்கம் இருந்தது. மகன்கள் பின்னால், மருமகள்கள் பக்கத்தில். எல்லோரும் நின்ற பிறகு கண்ணை வைத்தேன். நாற்காலியின் வலப்பக்கம் தங்கை. அவள் கைக்குக் கீழே குழந்தை. தங்கை குழந்தையின் தலைமேல் கை வைத்திருந்தாள்.

குழந்தை தாத்தாவின் மாலையில் ஒரு பூவைப் பிய்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. கேமராவுக்குப் பின்னால் யார் என்று கண்டுபிடித்துவிட்டது. “மாமா” என்று சிரித்தது. காதில் தோடு வெயிலில் மின்னியது. அதன் கண்ணில் ஃபோகஸ் வைத்தேன். இமை முடி எண்ணலாம் போல இருந்தது. இத்தனை வருஷம் நான் கேட்டது அதுதான்.

“எடுங்க மச்சான்” என்றார் தங்கை புருஷன்.

விரல் அமுக்கவில்லை. பட்டன்மேல்தான் இருந்தது. அமுக்கவில்லை. இது வெறும் டப்பா, திரை, கண்ணாடி என்று நான்கு ஞாயிறு சிவாஜிநகர் போனவன் நான். கேமராவை இறக்கினேன்.

“குழந்தையை உள்ள அனுப்பு.”

தங்கை என்னைப் பார்த்தாள். “இருக்கட்டும்ணா. தாத்தா கூட ஒண்ணுல இருக்கட்டும். அவரு ரொம்ப ஆசையா இருந்தாரு.”

“வேணாம்.”

“நீதான எல்லாத்தையும் மாத்திட்டேன்னு சொன்ன?”

“உள்ள அனுப்பு.”

குரல் கொஞ்சம் தூக்கலாக வந்துவிட்டது. சாவு வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே இருந்து “மாமா, மாமா” என்று அழுதது. “அசையாம நில்லுங்க” என்றேன். மூன்று படம் எடுத்தேன்.

காரியத்துக்கு முந்தின நாள் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கை அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தாள். எல்லோரும் தெளிவாக வந்திருந்தார்கள். மாமனார், மகன்கள், மாலை. தங்கையின் வலது கை மட்டும் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, உள்ளங்கை கவிழ்ந்து, காற்றில் நின்றது. கீழே யாரும் இல்லை. அவள் கையை எடுக்க மறந்திருக்கிறாள். நானும் அன்று கவனிக்கவில்லை.

அவள் அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“நீயும் நம்புறியாண்ணா?”

“தெரியல.”

“பின்ன?”

“கை வரல.”

அவள் படத்தைக் கவரில் போட்டாள். குழந்தை எங்கிருந்தோ வந்து என் மடியில் ஏறியது. சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் உள்ளங்கையில் கிறுக்கியது. முடியும்வரை கையை அசைக்காமல் வைத்திருந்தேன். பிறகு கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். அன்று எனக்கு ஷிப்டு கிடையாது.